ராகுகாலம் பார்த்துப் பனிமலை ஏறியது

1

வருகிற திங்கட்கிழமை இங்கே விடுமுறை. தொழிலாளர் தினம். உங்களுக்கு மே மாதத்தில் வருவது எங்களுக்கு ஒக்டோபரில் வரும். கோடையும் மாரியும் இடம் மாறிக் கிடக்கிற இந்தக் கங்காரு நாட்டில் தொழிலாளர் தினம் மட்டும் ஏன் சொன்ன இடத்தில் நிற்கப்போகிறது?

இதை எழுதும்போது என் மகள் வதனி வரவேற்பறையில் பழைய பேப்பரை விரித்து, தன்னைவிட நீளமான இரண்டு மரப்பலகைகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பனியில் சறுக்கும் பலகைகள். ஹோம்புஷ் ஸ்ரேஷனுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் பிளாட்டில் குசினிக்கும் வரவேற்பறைக்கும் நடுவே கதவு கிடையாது. ஆகவே மெழுகு மணமும் வெந்தயக் குழம்பு மணமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. என் மனைவி பூரணம் பலகைகளைத் தாண்டித் தாண்டி நடக்கிறாள். எடுத்து வை என்று சொல்லவில்லை. போன வருடமென்றால் சொல்லியிருப்பாள்.

நல்லூரிலிருந்து ஒரு பழைய நண்பர், "உன் மகள் பனியில் விளையாடுகிறாளாமே, உண்மையோ?" என்று கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் விளையாட்டு என்று நான் சொல்லமாட்டேன். போன வருடம் இதே விடுமுறையில் அந்த மலைப்பாதையில் நானும் பூரணமும் இருந்த இருப்பை அறிந்தவர்கள் அந்தச் சொல்லைத் தொடமாட்டார்கள்.

வதனி எங்களுக்கு ஒரே பிள்ளை. இந்த நாட்டில் எங்களுக்கென்று வேறு ஒருவரும் இல்லை. இந்த வருடம் அவளைக் கூட்டிக்கொண்டு வர நாங்கள் மலைக்குப் போகப்போவதில்லை. ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

2

நாங்கள் இங்கே வந்ததே அவளுடைய படிப்புக்காக. தரப்படுத்தல் என்று தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்கத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவது என்ன பாடென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே கணித ஆசிரியருக்குத் தட்டுப்பாடு என்றார்கள். வந்தேன். வகுப்பில் பையன்கள் என் பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், "மிஸ்டர் எஸ்" என்று. மிச்சத்தை நான் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். வதனிக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. கிடைத்த அன்று பூரணம் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்று இருக்கும் என்று யார் கண்டது?

யாழ்ப்பாணத்தில் ரியூசன் விடுகிற நேரத்துக்கு வாசலில் சைக்கிளோடு தகப்பன்மார் வரிசையாக நிற்பார்களே, அந்த வரிசையில் நானும் நின்றவன். மழையென்றாலும் நிற்பேன். மணி அடிக்க ஐந்து நிமிடத்துக்கு முன்னாலேயே நிற்பேன். பெண் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கொண்டு வருவது என்பது எங்களுக்குச் சாப்பாடு போடுவது மாதிரி ஒரு வேலை. அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை.

வதனி மூன்று நாள் மலைக்குமேல் போகப்போகிறேன் என்றதும் நான் சங்கத்தின் அறைக்குப் போனேன். பெற்றோர் சம்மதப் படிவம் எங்கே என்று கேட்டேன். வாசிக்கவேண்டும், நான்கு கேள்வி கேட்கவேண்டும், முடிந்தால் கையெழுத்துப் போடாமல் விடவேண்டும் என்பது என் திட்டம். இந்த நாட்டில் நாய் வளர்க்கப் படிவம் உண்டு, மீன் பிடிக்கப் படிவம் உண்டு. மேசையில் இருந்த பெடியன் வதனியின் வயதைக் கேட்டான். பத்தொன்பது என்றேன். "அப்போ அவள் பெரியவள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்" என்றான். எனக்குக் கையெழுத்துப் போட இடமே இல்லை.

வீட்டில் ஒரு வாரம் யுத்தம். கடைசியில் ஒரு சமாதானம்: மற்றப் பிள்ளைகளின் காரில் அவள் போகக்கூடாது. நாங்களே கொண்டுபோய்ப் பாதை முடிகிற இடத்தில் விடுவோம். திங்கட்கிழமை நாங்களே போய்க் கூட்டிக்கொண்டு வருவோம். அந்த இரண்டு நாளும் மலையடியில் மோட்டலில் நிற்போம். "ஓகே, ஓகே" என்றாள் வதனி. அவள் அவ்வளவு சுகமாக ஒப்புக்கொண்டபோதே நான் யோசித்திருக்கவேண்டும்.

3

சனிக்கிழமை விடியும் முன்பே மலையடி ஊரான ஜின்டபைனில் மோட்டலில் இருந்து புறப்பட்டு அவளை மேலே கொண்டுபோனோம். வசந்தகாலம் என்று சொல்கிறார்கள், மலைக்கு அது தெரியாது. குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்த கடைசித் துண்டுப் பாதையை அந்த வாரம்தான் புல்டோசர் விட்டு வெட்டித் திறந்திருந்தார்கள். ஒரு கார் மட்டும் போகிற அகலம். இரண்டு பக்கமும் வெட்டிய பனி, காரின் கூரைக்கு மேலே சுவராக நின்றது. பூரணம் கண்ணாடியை இறக்கிக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள்.

அப்போது வதனி பின்சீற்றில் இருந்து எங்களுக்குப் பாடம் எடுத்தாள். விடியற்காலையில் இந்தப் பனி கல்லாகத்தான் இருக்கும். பத்து மணிக்கு வெயில் பட்டால் மேலாகச் சீனி போலாகும், அதுதான் சறுக்க நல்ல பதம். மத்தியானம் திரும்பினால் குழைந்த சோறு, கால் முழங்கால்வரை புதையும். பாதை முடிகிற கணவாய்க்கும் பெரிய மலைத்தொடருக்கும் நடுவே ஸ்னோவி ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் ஆற்றுக்கு மேலேயே பனி மூடி ஒரு பாலம் போட்டிருக்கும். வசந்தத்தில் அந்தப் பாலம் ஒவ்வொரு நாளும் மெலியும். ஆகவே திரும்பி வருகிறவர்கள் விடியவே வெளிக்கிட்டு, பனி இறுகியிருக்கும்போது ஆற்றைக் கடந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பாலத்தை நம்பக்கூடாது.

இதை அவள் இங்கிலிஷில் சொன்னாள். நான் பூரணத்துக்குத் தமிழில் சொன்னேன். பூரணம், "அப்ப ஆத்துக்குப் பக்கத்தில போகாத" என்று முடித்தாள்.

"திங்கட்கிழமை காலையில ஏழு மணிக்கு வெளிக்கிடுங்கோ அப்பா" என்றாள் வதனி, இறங்கும்போது. இது தமிழில். "மேல கார் நிப்பாட்ட இடம் கொஞ்சம்தான். நிரம்பினால் கீழ கேற்றைப் பூட்டிப்போடுவினம்."

கணவாயில் அவளுடைய கூட்டம் காத்திருந்தது. ஆறேழு பேர். ஜூடி என்று ஒரு நெட்டைப் பெண், அவளை எனக்குத் தெரியும், ஒருமுறை எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டவள். மற்றவர்கள் எல்லாரும் மூக்குவரை சால்வையும் கம்பளித் தொப்பியுமாக எனக்கு ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். வதனி பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு சரக்கென்று போனாள். திரும்பி ஒருமுறை கை காட்டினாள். அவ்வளவு அழகாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. பூரணத்திடம் சொல்லவில்லை, அவள் அழுதுகொண்டிருந்தாள்.

4

இப்போது பஞ்சாங்கத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை ராகுகாலம் காலை ஏழரை முதல் ஒன்பதுவரை. இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் மனைவி தலையில் துவாயோடு இருந்தாள். மோட்டலில் சுடுதண்ணி வர நேரமாகிவிட்டது. இடியப்பம் பார்சலுக்கு வாழையிலை கிடையாது, ஈயத்தாளில் சுற்றவேண்டும். எல்லாம் முடிந்து அவள் பொட்டு வைத்தபோது ஏழரை தாண்டிவிட்டது. அதன் பிறகு அவள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வெளிக்கிடும்" என்றேன்.

"என்ன கதை இது? பிள்ளை மூண்டு நாளா மலையில நிக்கிறாள். ராகுகாலத்திலயோ போய்க் கூட்டிக்கொண்டு வாறது?"

நான் கணித வாத்தியார் அல்லவா. ராகுகாலம் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவது, இந்த நாட்டில் சூரியன் உதிக்கிற நேரம் வேறு, ஆகவே உம்முடைய ஏழரை இங்கே செல்லாது என்று விளக்கினேன்.

"அப்ப ராகு என்ன, விசா எடுத்தே வாறவர்? அவர் எங்கயும் இருப்பார். நீங்கள் இருங்கோ."

இருந்தேன். உண்மையைச் சொன்னால், கணக்கெல்லாம் வாயில்தான். அந்த ஆற்றுப்பாலத்தை நினைக்க எனக்கும் நேரம் பார்த்துப் போவது நல்லதென்றே பட்டது. ஒன்பது அடித்ததும் பூரணம் கார் டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம். மோட்டல்காரி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

5

மலைப்பாதையின் பாதியில் ஓர் இடத்தில் டயருக்குச் சங்கிலி பூட்டவேண்டும். நான் பூட்டிய சங்கிலியை ஒருவர் வந்து கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டினார். கேற்றடிக்குப் போனபோது பத்தரைக்கு மேலாகிவிட்டது. மேலே இடம் நிரம்பிவிட்டது என்றார் கேற்றில் நின்ற சிவப்புத் தாடிக்காரர், மலைக்காவல் அதிகாரி. ஒரு கார் இறங்கினால் ஒரு கார் ஏறலாம். எங்களுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. அந்த வரிசை மெல்ல மெல்ல நகர்ந்து கேற்றைத் தாண்டிப் பனிச்சுவர்களுக்கு நடுவே போய், அங்கே நின்றுவிட்டது. மேலே எங்கேயோ சுவர் சரிந்து பாதையில் விழுந்துவிட்டதாம். அள்ளும் மெசினைக் கொண்டுவருகிறார்களாம்.

முன்னால் கார். பின்னால் வளைவுவரை கார். இடது பக்கம் பனி, வலது பக்கம் பனி. கதவைத் திறந்தால் அரைவாசிதான் திறந்தது. வெயில் ஏற ஏறச் சுவரிலிருந்து தண்ணீர் காரின் கூரையில் சொட்டத் தொடங்கியது.

"பின்னுக்கு எடுக்கேலாதே?" என்றாள் பூரணம்.

"எங்க எடுக்கிறது?"

"அப்ப முன்னுக்கு எப்ப போறது?"

எனக்குத் தெரிந்தால்தானே. பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைக் குடித்தோம். பிறகு ஏன் குடித்தோம் என்று யோசித்தோம். அந்தச் சுவர்களுக்கு நடுவே இருந்த நேரத்தில், இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு இப்படியேதான் இருக்கிறேன் என்று தோன்றியது. வேலையை விடவும் ஏலாது, ஊருக்குத் திரும்பவும் ஏலாது, யாரோ முன்னால் நகர்ந்தால் நானும் கொஞ்சம் நகர்வேன். சொன்னால் பூரணம், "இப்ப இதுவோ கதை" என்பாள். அதனால் சொல்லவில்லை.

அப்போது மேலேயிருந்து சிலர் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கார்களுக்கும் சுவருக்கும் நடுவே ஒதுங்கி ஒதுங்கி நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவள் ஜூடி. நான் ஹோர்ன் அடித்தேன். அவள் குனிந்து எங்களைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். பிறகு அந்த மலர்ச்சி கொஞ்சம் குறைந்தது.

"வதனி உங்களோடு இல்லையா?" என்று நான்தான் கேட்டேன்.

"நாங்கள் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டோம். வனி பிறகு வருகிறேன் என்றாள். அவர்கள் இப்போது ஆற்றடிக்கு வந்திருப்பார்கள்." அவளுடைய கூட்டத்தில் என் மகளின் பெயர் வனி.

"அவர்கள் என்றால்?"

"வனியும் கிரெக்கும்."

கிரெக் யார் என்று நான் கேட்கவில்லை. "பாலம் எப்படி?" என்று கேட்டேன். ஜூடி தன் நண்பர்களைத் திரும்பிப் பார்த்தாள். "நாங்கள் வரும்போதே நடுவில் வெடித்திருந்தது. ஆனால் கிரெக் அனுபவமுள்ளவன்" என்றாள்.

பூரணத்துக்கு இங்கிலிஷ் விளங்காது என்று நினைக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். "ஆரது கிரெக்?" என்றாள். அடுத்த மூச்சில், "ஆத்துக்குள்ள விழுந்திட்டாளோ?" என்றாள். இரண்டு பயமும் ஒன்றாக வந்து எங்கள் இருவர் நெஞ்சிலும் உட்கார்ந்தன. எது முதலில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் கதவை நெரித்துக்கொண்டு வெளியே இறங்கி, தாடிக்காரரிடம் நடந்து போனேன். மேலே நடந்து போகிறேன், விடுங்கள் என்றேன். மெசின் இப்போது வேலை தொடங்கிவிட்டது, இனி மேலே நடக்க விடமுடியாது என்றார். காரைத் திருப்பவாவது விடுங்கள் என்றேன். திருப்ப இடமில்லை என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். சட்டமும் சரி. அவர் சொன்ன ஒன்றிலும் எனக்குப் பிழை பிடிக்க முடியவில்லை, அதனால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

திரும்பி வந்து பார்த்தால் காரில் பூரணம் இல்லை. காஞ்சிபுரம் சேலைக்கு மேலே என்னுடைய ஓவர்கோட், காலில் என் காலுறையும் அதற்கு மேல் செருப்பும். அந்தக் கோலத்தில் அவள் கார் வரிசையைத் தாண்டி மேலே நடந்துகொண்டிருந்தாள். பனி கரைந்த தண்ணீர் பாதையில் ஓடிவந்து அவள் காலை நனைத்தது. கார்களில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். தாடிக்காரர் என்னைத் தாண்டி ஓடிப்போய் அவளை மறித்தார்.

"மை டோட்டர், ரிவர்" என்றாள் பூரணம். பிறகு, "ஐ ஆம் கோயிங். யூ ஷூட் மீ" என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றார். இடுப்பில் இருந்த வயர்லெஸ்ஸை எடுத்துப் பேசினார். பதில் வரும்வரை பூரணம் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. கடைசியில் கரகரவென்று ஒரு குரல் வந்தது. இரண்டு பேர் பாதைக்கு வந்துவிட்டார்கள், நனைந்திருக்கிறார்கள், நடக்கிறார்கள் என்றது. பூரணம் அந்தப் பனிச்சுவரிலேயே சாய்ந்துவிட்டாள்.

6

இதற்கு நடுவே ஒன்று சொல்லவேண்டும். இன்றைக்குப் பின்னேரம் ரெலிபோன் அடித்தது. பூரணம்தான் எடுத்தாள். "யேஸ், கிரெக். வெயிற்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை மேசையில் வைத்தாள். வைக்கிற விதத்தில் கோபமும் இல்லை, பட்சமும் இல்லை. பால்காரன் வந்தால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள். வதனி மெழுகுக் கையோடு ஓடி வந்தாள். பேசும்போது இப்போதெல்லாம் அவள் குரலைத் தாழ்த்துவதில்லை. நாங்கள் இருவரும் குசினிக்குள் போய், தேவையில்லாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டோம்.

7

வதனி வந்தபோது இடுப்புவரை நனைந்திருந்தாள். பல் கிட்டிப்போயிருந்தது. பக்கத்தில் அந்தப் பெடியன். மெலிந்த, தாடி இல்லாத, காது இரண்டும் சிவந்த ஒரு பெடியன். அவன் நெஞ்சுவரை நனைந்திருந்தான். இரண்டு பேருடைய பலகைகளையும் அவனே சுமந்து வந்தான். பாலம் அவர்கள் கண்முன்னால் விழுந்ததாம். கீழே போய் ஆழம் குறைந்த இடம் பார்த்து இறங்கிக் கடந்தார்களாம்.

பூரணம் மகளின் இரண்டு கன்னத்தையும் பிடித்துப் பார்த்தாள். உயிர் இருக்கிறது என்று உறுதியானதும் கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்:

"மற்றப் பிள்ளையள் எல்லாம் விடிய வந்திட்டுதுகள். நீ ஏன் அதுகளோட வரேல்லை?"

"இற்ஸ் மண்டே, அம்மா" என்றாள் வதனி.

பூரணத்துக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. வதனி நடுங்கிக்கொண்டே சொன்னாள். தமிழும் இங்கிலிஷும் கலந்து, ஒளிக்க ஒன்றுமில்லாத குரலில். "திங்கட்கிழமை நீங்கள் ஒன்பது மணிக்கு முந்தி வெளிக்கிட மாட்டியள் எண்டு எனக்குத் தெரியாதோ? நான் ஏழு மணி எண்டு சொன்னாலும் நீங்கள் ஒன்பதுக்குத்தான் வெளிக்கிடுவியள். ஐ வேர்க்ட் இற் அவுட். அவையளோட விடிய வந்து கார் பார்க்கில தனிய நிண்டு குளிரில விறைக்கிறதோ? அதுதான் நாங்கள் ஆறுதலா வெளிக்கிட்டம்."

நாங்கள் என்று அவள் சொன்னதைப் பூரணமும் கேட்டாள், நானும் கேட்டேன்.

எங்கள் பிள்ளை எங்களைக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவளைக் காப்பாற்ற நாங்கள் மோட்டல் கட்டிலில் உட்கார்ந்து தள்ளிப்போட்ட அந்த ஒன்றரை மணித்தியாலத்தையும் கணக்கில் சேர்த்து, அதை எடுத்து அந்தப் பெடியனுக்குக் கொடுத்திருக்கிறாள். அந்த நேரத்துக்குள்தான் வெயில் ஏறிப் பாலம் விழுந்திருக்கிறது. நான் யாரைக் கோபிப்பது? பூரணத்தைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

வதனி ஏறினாள். பெடியன் ஏறவில்லை. பலகைகளை எங்கள் கார்க் கூரையில் கட்டிவிட்டு, "நான் நடந்து போகிறேன், சேர்" என்றான். ஜூடியின் கூட்டம் எப்போதோ இறங்கிவிட்டது. அவன் உதடு நீலமாக இருந்தது. தாடிக்காரர் வந்தார். மெசின் வழியை அகலமாக்கிவிட்டது, கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பலாம், இனி யாரும் மேலே போகமுடியாது, வெயில் சாய்ந்தால் பாதையில் ஓடும் தண்ணீர் உறையத் தொடங்கிவிடும் என்றார். பிறகு பெடியனைக் காட்டி, "இவனையும் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்றார். கேட்கவில்லை, சொன்னார்.

நான் பூரணத்தைப் பார்த்தேன். அவள் முன்சீற்றில் ஏறி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறு தம்பி" என்றேன், தமிழிலேயே வந்துவிட்டது. அவன் ஏறிக்கொண்டான்.

காரில் ஒரு போர்வைதான் இருந்தது. வதனிக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த தடித்த கம்பளி. பூரணம் அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பின்னால் இரண்டு பேருடைய பல்லும் அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பாமலே போர்வையைத் தோளுக்கு மேலால் பின்னுக்குக் கொடுத்தாள். யாருக்கென்று சொல்லவில்லை. பின்னால் அது இருவர் மேலும் விரிந்தது. பிறகு இடியப்பப் பார்சலையும் அப்படியே கொடுத்தாள். பெடியன் "தேங்க் யூ" என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

இறங்குகிற வரிசை ஆமை வேகத்தில் போனது. முன்னால், வழியை வெட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிவந்த மெசின், அதற்குப் பின்னால் நாங்கள் எல்லாரும். ஒதுங்க இடமில்லை, நிற்க இடமில்லை, முந்த இடமில்லை. நடுக்கம் நின்று, பின்சீற்றில் மூச்சுச் சத்தம் சீரானது. நான் கண்ணாடியில் பார்த்தேன். வதனி தூங்கிவிட்டாள். தலை அந்தப் பெடியனின் தோளில் இருந்தது. அவன் விழித்திருந்தான், அசையாமல் இருந்தான், என் கண்ணைக் கண்டதும் வெளியே பனியைப் பார்த்தான்.

இதைப் பூரணம் காணக்கூடாது என்று நான் பிரார்த்தித்துக்கொண்டு ஓட்டினேன். வளைவுகளில் என் கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது. திரும்ப ரோட்டுக்கு வந்தது. மறுபடி போனது. பூரணம் வெயில் மறைப்பை இறக்கி, அதில் இருந்த சின்னக் கண்ணாடியில் கலைந்த பொட்டைச் சரிசெய்தாள். சரிசெய்து முடிந்த பிறகும் அதை மூடவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, பின்னால் தூங்குகிறவளை எழுப்பாத குரலில் சொன்னாள்:

"பின்னால பார்க்காதேங்கோ. ரோட்டைப் பாருங்கோ."